பழைய சைக்கிள் எந்த ஆண்டுக்குரியது, எந்தப் பாகம் அதனுடையது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பழைய சைக்கிள் என்று கைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, அப்பப்பாவோ அம்மப்பாவோ ஓடி, பிறகு சாமான் அறையில் சாத்தி வைத்த கறுப்பு இங்கிலாந்துச் சைக்கிள்: றலி, ஹம்பர், றட்ஜ், ஹேர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. மற்றது வளைந்த ஹாண்டில் வைத்த ரேஸ் சைக்கிள். அது யப்பானிலிருந்து பாவித்த சாமானோடு வந்திருக்கும், இல்லாவிட்டால் லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது கொண்டுவந்து விட்டுப் போயிருப்பார். இரண்டைப் பற்றியும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எந்தப் பாகத்தையும் தனியாக நம்ப வேண்டாம். நான்கைந்து பாகங்களின் வயதைத் தனித்தனியே பார்த்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன என்று தேடுங்கள். அதுவரை பெயின்ற் அடிக்கக் கொடுக்காதீர்கள்.

வயதை அறிய முதலில் எங்கே பார்ப்பது?

பின் சில்லின் ஹப்பில், அதாவது ஸ்போக்குகள் வந்து சேரும் நடு உருளையில். மூன்று கியர் வைத்த இங்கிலாந்துச் சைக்கிள் என்றால் அந்த ஹப் அநேகமாக ஸ்டேர்மி ஆர்ச்சர் கம்பனியுடையதாக இருக்கும், அவர்கள் ஹப்பின் மேல் ஓட்டிலேயே ஆண்டையும் மாதத்தையும் அடித்து வைத்திருக்கிறார்கள். பல வருடத்து எண்ணெயும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி இறுகிப்போயிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பொறுமையாகத் துடைத்தால் எழுத்து வெளியே வரும். 'ஏ.டபிள்யூ' என்று இருந்தால் அது மாதிரியின் பெயர், 1936இல் வந்த மாதிரி, அதற்குப் பிறகு பல தசாப்தங்கள் செய்தார்கள். பக்கத்தில் '58', '6' என்று இருந்தால் 1958 ஜூன். போருக்கு முந்தியவற்றில் ஒற்றை இலக்கம்தான் இருக்கும், '8' என்றால் 1938.

முன் சில்லில் பெரிய வட்டமான டைனமோ ஹப் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதிலும் இதே மாதிரி ஆண்டு அடித்திருக்கும். 'ஜி.எச்.6' என்ற ஆறு வோல்ட் மாதிரிதான் அதிகம் கிடைப்பது, அதைச் செய்வதை 1984இல் நிறுத்தினார்கள். முன்னும் பின்னும் ஒரே ஆண்டு, அல்லது சில மாத வித்தியாசம் என்றால் அந்த இரண்டு சில்லும் சைக்கிளோடு பிறந்தவை என்று பெருமளவு நம்பலாம். ஹப் செய்து சில மாதங்களுக்குள் சைக்கிளில் ஏறிவிடுவதுதான் வழக்கம்.

ஹப்பில் 54 என்று இருக்கிறது, விற்பவர் 1938 என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் உடனே நம்ப வேண்டாம். ஹப் சொல்வது தன் வயதைத்தான். சில்லு நெளிந்து வேறு சில்லு போட்டிருக்கலாம். விற்பவர் பொய் சொல்கிறார் என்றும் இல்லை, வீட்டில் பரம்பரையாகச் சொல்லிவந்த கதையைச் சொல்கிறார். எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் இதுதான் நடந்தது. அந்த ஐயா தன் தகப்பன் போருக்கு முன்னால் வாங்கியது என்று உறுதியாகச் சொன்னார், ஹப்பில் 54 இருந்தது. நான் உடனே மறுத்துப் பேசாமல் மற்றப் பாகங்களைப் பார்த்தேன். டைனமோ ஹப்பிலும் 54, கியர் மாற்றும் லீவர் ஹாண்டிலில் விரலால் தட்டும் சின்ன வகை. அந்த வகை வந்ததே 1938 அளவில்தான், அதற்கு முந்தியவற்றில் பாரின் மேல் பொருத்திய நீட்டு லீவர் இருக்கும். மூன்றும் ஒரே பக்கம் நின்றதால் 1954 அல்லது 55 என்று முடிவெடுத்தேன். தகப்பன் போருக்கு முன்னால் ஒரு சைக்கிள் வாங்கியிருப்பார், அது உண்மையாக இருக்கலாம், இது அதற்கு அடுத்த சைக்கிள். ஐயா அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'ஓம், பழையதைத் தம்பிக்குக் கொடுத்தது என்று அம்மா சொன்னவ' என்றார்.

என்னுடையது கியர் இல்லாத சைக்கிள். அப்போது என்ன செய்வது?

இலங்கைக்கு வந்த பெரிய கறுப்புச் சைக்கிள்களில் நிறைய இப்படித்தான், கியரும் இல்லை, ஆண்டு அடித்த ஹப்பும் இல்லை. இங்கேதான் கொஞ்சம் மினக்கெட வேண்டும்.

சீற்றைப் பாருங்கள். புரூக்ஸ் தோல் சீற் என்றால் பின்பக்க இரும்புத் தகட்டில், 1950கள், 60களில் செய்த சிலவற்றில், ஓர் எழுத்தும் ஆண்டின் இரண்டு இலக்கமும் இருக்கும். தோல் மடிந்து தகட்டை மூடியிருந்தால் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஆனால் சீற்தான் முதலில் மாறுகிற பாகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் பளபளக்கும் பாகங்களின் நிறம். 1920களின் கடைசி வரை நிக்கல் பூச்சு, பிறகு குரோம். நிக்கலில் ஒரு மெல்லிய மஞ்சள் சாயல் இருக்கும், வெயிலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குரோம் கிடைக்காததால் ஹாண்டில், கிராங்க் (பெடல் பூட்டிய கை), றிம் எல்லாவற்றையும் கறுப்பாகவே பெயின்ற் அடித்து அனுப்பினார்கள். ஆகவே ஹாண்டில் கறுப்பாக இருந்தால் யாரோ பிற்காலத்தில் அடித்தது என்று அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள். ஒரு மூலையில் நகத்தால் மெல்லப் பாருங்கள், அடியில் குரோம் தெரிந்தால் பிந்தைய பெயின்ற், நேரே இரும்பு தெரிந்தால் நீங்கள் 1940களைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

பிறேமில் இலக்கம் இருக்கிறதே, அதை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாதா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருவது. இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு ஆண்டைச் சொல்லுங்கள் என்பார்கள். பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களில் அந்த இலக்கத்தை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்வது பெரும்பாலும் நடக்காது. ஒரே மாதிரி இலக்க வரிசை வேறு வேறு காலத்தில் திரும்ப வந்திருக்கிறது. இலக்கத்தை மட்டும் பார்த்து '1947' என்று அடித்துச் சொல்பவரிடம் எப்படி என்று கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1970களின் நடுப்பகுதியிலிருந்து றலி ஒரு தெளிவான முறைக்கு வந்தது: முதல் எழுத்து தொழிற்சாலை (என் என்றால் நொட்டிங்ஹாம், டபிள்யூ என்றால் வேர்க்சொப்), இரண்டாவது எழுத்து மாதம், அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். 6 என்றால் 1976ஆ 1986ஆ என்பதை மற்றப் பாகங்களை வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

ஆனாலும் இலக்கத்தை எழுதி வையுங்கள். சீற் குழாயின் உச்சியில், பின் சில்லு மாட்டும் இடத்தில், கிராங்க் அச்சு ஓடும் கூட்டின் அடியில், இந்த மூன்று இடங்களிலும் தேடுங்கள். சைக்கிள் களவு போனால் பொலிசில் சொல்ல உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.

முன் தகட்டில் உள்ள பெயர் வயதைச் சொல்லுமா?

ஹாண்டிலுக்குக் கீழே தலைக்குழாயில் இருக்கும் கம்பனித் தகட்டைத்தான் கேட்கிறார்கள். பெயர் சொல்லாது, ஊர் சொல்லும். இங்கிலாந்துக் கம்பனிகள் ஒன்றை ஒன்று விழுங்கிய கதை இதில் உதவுகிறது. றலி தொடக்கத்திலிருந்தே நொட்டிங்ஹாம். ஹம்பரை 1932இலும் றட்ஜை 1943இலும் றலி வாங்கியது, பி.எஸ்.ஏ.யின் சைக்கிள் பிரிவு 1957இல் றலியிடம் போனது. பேர்மிங்ஹாமில் செய்த ஹேர்குலிஸும் பக்கத்து ஸ்மெதிக்கில் செய்த பிலிப்ஸும் ரியூப் இன்வெஸ்ட்மென்ற்ஸ் குழுமத்தில் இருந்தவை. அந்தக் குழுமமும் றலியும் 1960இல் ஒன்றாகின. ஆகவே பேர்மிங்ஹாம் என்று போட்ட ஹேர்குலிஸ் அநேகமாக 1960க்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம், நொட்டிங்ஹாம் என்று போட்ட பிலிப்ஸ் நிச்சயம் அதற்குப் பிந்தியது.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இதே பெயர்களில் இந்தியாவிலும் செய்தார்கள். சென்னையில் ரி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டு ஹேர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் செய்தது. வங்காளத்தில் அசன்சோலில் சென் றலி. தகட்டின் அடியிலும் சீற் குழாயிலும் 'இந்தியா' என்ற சொல் சின்னதாக இருக்கும், அதைச் சுரண்டி அழித்துவிட்டு 'அசல் இங்கிலாந்து' என்று விற்பவர்கள் உண்டு. இந்தியச் சைக்கிள் மட்டமானது என்று நான் சொல்லவில்லை, அவை நம் பாட்டன்மாரைச் சுமந்தவைதான். பொய் சொல்லி விற்பதைத்தான் சொல்கிறேன்.

செயின்வீல் டிசைனைப் பார்த்து என்ன தெரியும்?

செயின்வீல் என்பது பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம். நிறையத் தெரியும், எனக்கு மிகவும் பிடித்த பாகமும் அதுதான். றலியின் நல்ல மாதிரிகளில் செயின்வீலுக்குள் கொக்கின் தலைகள் வெட்டியிருக்கும். ஹம்பரில் ஓடுகிற மனிதர்கள் ஐந்து பேர். றட்ஜில் விரித்த கை. பி.எஸ்.ஏ.யில் அந்த மூன்று எழுத்துகளே. துப்பாக்கிக் கம்பனியாகத் தொடங்கியதால் அவர்களின் சின்னம் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தியது, அதைத் தகட்டிலும் கிராங்கிலும் காணலாம்.

தகடு றட்ஜ், செயின்வீலில் கொக்கு என்றால் ஒன்று கிராங்க் மாறியிருக்கிறது, அல்லது தகடு மாறியிருக்கிறது. தகட்டைக் கழற்றி வேறொன்றில் இரண்டு ஆணி அடிப்பது பத்து நிமிட வேலை, ஆகவே தகட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஹம்பர் என்றால் முன் ஃபோர்க்கையும் பாருங்கள். அதன் பேர்போன மாதிரிகளில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மெல்லிய குழாய்கள் சேர்ந்து வரும். அதை வேறு சைக்கிளிலிருந்து எடுத்துப் பொருத்துவது இலேசில்லை, அதனால் அந்த ஃபோர்க் இருந்தால் எனக்குத் தகட்டை விட அதில்தான் நம்பிக்கை.

இலங்கைக்கே உரிய அடையாளங்கள் ஏதும் உண்டா?

உண்டு, வெளிநாட்டு விபரங்களில் இவை வராது.

விற்ற கடையின் ஒட்டுப்படமோ சின்னத் தகடோ சீற் குழாயில் அல்லது பின் மட்காட்டில் இருக்கலாம். அதில் 'சிலோன்' என்று இருந்தால் சைக்கிள் அநேகமாக 1972 மே மாதத்துக்கு முந்தியது, அந்த மாதம் 22ஆம் திகதிதான் நாட்டின் ஆங்கிலப் பெயர் 'சிலோன்' என்பதிலிருந்து 'ஸ்ரீ லங்கா' என்று சட்டப்படி மாறியது. விலாசத்தையும் வாசியுங்கள். இன்று டி.ஆர். விஜேவர்தன மாவத்தை என்கிற வீதி 'மக்கலம் றோட்' என்றும், தர்மபால மாவத்தை 'டரட் றோட்' என்றும் இருந்தால் அது பழைய காலத்துக் கடை.

பிறகு லைசன்ஸ் தகடு. ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் உள்ளூராட்சிச் சபையில் வருடா வருடம் பணம் கட்டி லைசன்ஸ் எடுக்க வேண்டும், அதற்கு ஒரு சின்ன உலோகத் தகடு தருவார்கள். ஆண்டு அதிலேயே இருக்கும். அது சைக்கிள் செய்த ஆண்டு அல்ல, ஆனால் அந்த ஆண்டில் இந்தச் சைக்கிள் இந்த ஊரில் ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்? கறள் பிடித்த தகரத் துண்டு என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இறக்குமதி வரலாறும் உதவும். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின, 1970இலிருந்து 1977 வரை இன்னும் இறுக்கம், அதன் பிறகுதான் கதவு திறந்தது. ஆகவே ஒருவர் '1973 றலி, இங்கேயே புதிதாக வாங்கியது' என்றால் நான் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பேன். நடந்திருக்கக் கூடாது என்றில்லை, ஆனால் நான் கையில் எடுத்த இங்கிலாந்துச் சைக்கிள்களில் பெரும்பாலானவை 1940களின் கடைசியிலிருந்து 1960 வரை உள்ளவை. அதோடு அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் எங்கள் சைக்கிள்களில் பாகங்கள் கலந்தன. அசல் பாகம் கிடைக்காது, கிடைத்ததைப் போட்டு ஓடினார்கள்.

எந்தப் பாகம் அசல், எது பிறகு போட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு நேரம் எடுத்துப் படியுங்கள், இதில்தான் பணம் போகிறது.

சில்லிலிருந்து தொடங்குங்கள். கம்பிப் பிறேக் (வயர் இல்லாமல் இரும்புத் தண்டுகளால் இழுப்பது) வைத்த பெரிய சைக்கிளில் டயர் 28 × 1½, பிறேக் கட்டை றிம்மின் உள்பக்கத்தை, அதாவது ஹப்பைப் பார்த்த பக்கத்தை, மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அதற்கான றிம் வெஸ்ட்வுட் என்கிற வகை, ஓரம் உருண்டு இருக்கும். வயர் பிறேக் வைத்த 'ஸ்போர்ட்ஸ்' மாதிரியில் டயர் 26 × 1⅜, பக்கவாட்டு தட்டையான என்ட்ரிக் றிம். வெஸ்ட்வுட் றிம்மில் வயர் பிறேக் பூட்டியிருந்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அதோடு அது ஓடுவதற்கும் ஆபத்து, கட்டை பிடிக்கத் தட்டையான இடமே அதில் இல்லை.

ஸ்போக்கை எண்ணுங்கள். இங்கிலாந்து வழக்கம் முன்னால் 32, பின்னால் 40. இரண்டிலும் 36 என்றால் அந்தச் சில்லு வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம். ஆனால் இதைத் திருப்பிப் போட்டு 32-40 இருந்தால் அசல் என்று சொல்லாதீர்கள், இந்தியச் சைக்கிள்களும் அதே எண்ணிக்கையை வைத்திருக்கின்றன. எண்ணிக்கை சரி என்றால் றிம்மில் பெயர் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். 'டன்லொப், இங்கிலாந்து' என்ற மாதிரி ஏதாவது ஸ்போக் துளைகளுக்கு நடுவில் இருக்கும், டயரைக் கழற்றாமலே வாசிக்கலாம்.

அடுத்தது புரி, அதாவது திருகும் பாகங்களில் உள்ள சுருள் வெட்டு. நொட்டிங்ஹாம் றலி பல தசாப்தங்களாகத் தனக்கென ஒரு புரி வைத்திருந்தது: கிராங்க் கூட்டில் குண்டுகள் ஓடத் திருகிப் பூட்டும் கப்பிலும் ஹாண்டில் குழாயின் கப்பிலும் ஒரு அங்குலத்துக்கு 26 புரி. மற்ற எல்லாரும் 24. பழைய கப் தேய்ந்தவுடன் இந்தியாவில் செய்த 24 புரிக் கப்பைப் பலமாக முறுக்கிப் பூட்டிவிடுவார்கள், அது சில சுற்றுப் போகும், பிறகு கூட்டின் உள்புரியைச் சாப்பிட்டுவிடும். வாங்குவதற்கு முன் கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கட கட என்று ஆடினால், கிராங்கை அச்சோடு இறுக்கும் கொட்டர் பின் தளர்ந்ததாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம். பின் என்றால் சின்னச் செலவு, புரி போயிருந்தால் பிறேமே போனது மாதிரி.

பிறகு சின்னச் சாமான்கள். பெடல் ரப்பர்க் கட்டையில் கம்பனிப் பெயர் வார்த்திருக்கிறதா, பெல்லில் லூகாஸ் என்று இருக்கிறதா, லைற்றில் மில்லர் அல்லது லூகாஸா, செயின்கவரின் வளைவு செயின்வீலோடு சரியாகப் பொருந்துகிறதா. ஒரு பாகத்தைச் சுற்றியுள்ள அழுக்கையும் கறளையும் பாருங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வேன். ஐம்பது வருடம் ஒரே இடத்தில் இருந்த கிளிப்பைத் தளர்த்தினால் அடியில் பெயின்ற் புதிதுபோல மினுங்கும், அதன் ஓரத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு இல்லாவிட்டால் அது அங்கே அவ்வளவு காலம் இருந்ததில்லை.

வளைந்த ஹாண்டில் ரேஸ் சைக்கிள் கிடைத்திருக்கிறது. இதை எப்படித் திகதியிடுவது?

இது ஒரு வகையில் இலேசு, ஏனென்றால் யப்பான் கம்பனிகள் ஒழுங்காகக் குறியீடு போட்டிருக்கிறார்கள். ஷிமானோ பாகங்களின் பின்பக்கத்தில், கிராங்க் கையின் உள்பக்கத்தில், இரண்டு ஆங்கில எழுத்துகள் சின்னதாக இருக்கும். முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி 1977, இப்படியே வரிசையாக. இரண்டாவது எழுத்து மாதம், ஏ ஜனவரியிலிருந்து எல் டிசெம்பர் வரை. ஆகவே 'எச்.சி.' என்றால் 1983 மார்ச். சன்டூரும் இதே முறைதான், ஆனால் அவர்களின் ஏ 1958இல் தொடங்கி இசட் 1983இல் முடிந்து, 1984இல் மறுபடி ஏயில் தொடங்குகிறது. சன்டூரில் 'வி.பி.' என்றால் 1979 பெப்ரவரி. இரண்டு கம்பனியின் கணக்கையும் மாற்றிப் போட்டுப் பதினெட்டு வருடம் பிழைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், கவனமாக இருங்கள்.

இத்தாலியின் கம்பக்னோலோ இங்கே அபூர்வம். கிடைத்தால் பின் கியர் மாற்றியின் மேல் முட்டில் 'பேட்டன்ற்' என்பதன் சுருக்கத்தோடு இரண்டு இலக்கம் இருக்கிறதா பாருங்கள், 78 என்றால் 1978. நுவோ ரெக்கோட் மாதிரியில் இது வழக்கம். கிராங்க் கையின் பின்னால் வைர வடிவத்துக்குள் இலக்கம் என்றால் 1970கள், வட்டத்துக்குள் என்றால் 1980கள்.

பின் சில்லு மாட்டும் இடத்தின் உள் அகலத்தையும் அளந்து பாருங்கள், ஓர் அடிமட்டம் போதும். 120 மில்லிமீற்றர் என்றால் பின்னால் ஐந்து பல்சக்கரம் வைத்த காலம், 1970களும் அதற்கு முன்னும். 126 என்றால் ஆறு, ஏழு, அதாவது பெரும்பாலும் 1980கள். 130 என்றால் 1990 அளவிலும் அதற்குப் பிறகும். யாராவது பிறேமை விரித்துப் புதிய சில்லுப் போட்டிருந்தால் இந்தக் கணக்குப் பிழைக்கும், அதனால் சில்லைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கியர் லீவர் 'டிக் டிக்' என்று ஒவ்வொன்றாக விழுந்தால் 1980களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்காது. ஷிமானோவில் பிறேக் பிடியோடு சேர்ந்த கியர் 1990இல்தான் வந்தது.

யப்பானிலிருந்து வந்தவற்றில் பிறேமில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும், அங்கே களவைத் தடுக்கப் பதிவு செய்வதற்கு ஒட்டுவது. அது வாங்கிப் பதிந்தவருடைய காலத்தைச் சொல்வது, செய்த ஆண்டை அல்ல.

'றெய்னல்ட்ஸ் 531' ஸ்டிக்கர் இருக்கிறது. அப்படியென்றால் விலை அதிகமா?

ஸ்டிக்கருக்கு விலை கொடுக்காதீர்கள், குழாய்க்குக் கொடுங்கள். 531 என்பது இங்கிலாந்தின் றெய்னல்ட்ஸ் கம்பனி செய்த இலேசான உருக்குக் குழாய், 1935இல் வந்தது, பல தசாப்தங்கள் நல்ல ரேஸ் சைக்கிள் என்றால் அதுதான். ஆனால் ஸ்டிக்கர் தனியாகவும் கிடைக்கும். சீற் தண்டை வெளியே எடுத்து அதன் விட்டத்தை அளந்து பாருங்கள். முழுக்க நல்ல 531 இரட்டைத் தடிப்புக் குழாய் (நுனிகளில் தடித்து நடுவில் மெலிந்தது) என்றால் பெரும்பாலும் 27.2 மில்லிமீற்றர் தண்டு இறங்கும். 25.4 தான் இறங்குகிறது என்றால் அது சாதாரணத் தடித்த இரும்புக் குழாய், ஸ்டிக்கர் என்ன சொன்னாலும். ஸ்டிக்கரில் உள்ள வசனத்தையும் முழுதாக வாசியுங்கள்: சிலவற்றில் பிறேம், ஃபோர்க், பின் தண்டுகள் எல்லாம் 531 என்று இருக்கும், சிலவற்றில் மூன்று பிரதான குழாய்கள் மட்டும் என்று இருக்கும்.

பெயின்ற் மோசமாக இருக்கிறது. புதிதாக அடித்துவிட்டால் என்ன?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஹப் கிடைக்கும், சீற் கிடைக்கும், டாம் வீதியில் ஒரு நாள் அலைந்தால் 28 அங்குல டயரும் கிடைக்கும். 1955இல் நொட்டிங்ஹாமில் ஒருவர் கையால் இழுத்த தங்கக் கோடு எங்கேயும் கிடைக்காது. எங்கள் அப்பப்பாவின் றலியை நான் பதினெட்டு வயதில் ஒரு பெயின்ற் கடையில் கொடுத்தேன். நல்ல எண்ணத்தோடு கொடுத்தது. அவர்கள் மணல் வீசி எல்லாவற்றையும் உரித்து, பள்ளமாக இருந்த இடமெல்லாம் பட்டி பூசி நிரப்பிவிட்டார்கள். அந்தப் பள்ளங்களில் ஒன்று பிறேம் இலக்கம். கடை ஒட்டுப்படமும் போனது, அதில் என்ன பெயர் இருந்தது என்று கேட்க இன்று வீட்டில் யாரும் இல்லை.

முதலில் சவர்க்காரத் தண்ணியும் மெல்லிய துணியும். ஒட்டுப்படங்களின் மேல் மண்ணெண்ணெயோ தின்னரோ படவே கூடாது. குரோமில் மேல் கறள் என்றால் அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணியில் தொட்டுத் தேய்த்தாலே பெரும்பகுதி போகும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடற்கரைப் பக்கம் வைத்திருந்த சைக்கிள்களில் வெளியே தெரிவதைவிட உள்ளே கறள் அதிகம். சீற் தண்டைக் கழற்றிக் குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், மெல்லிய மெஷின் எண்ணெய் கொஞ்சம் ஊற்றிப் பிறேமைத் திருப்பித் திருப்பி ஓடவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், காய்ந்து பிசினாகிவிடும், குறிப்பாக மூன்று கியர் ஹப்புக்குள் அது போனால் கியர் ஒட்டிக்கொள்ளும்.

விற்பவர் ஐந்து நிமிடம்தான் தருகிறார். எதைப் பார்ப்பது?

கிராங்கை ஆட்டுங்கள். சீற் தண்டு அசைகிறதா பாருங்கள். முன் ஃபோர்க் பின்னால் வளைந்திருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், பாரும் கீழ்க் குழாயும் தலைக்குழாயோடு சேரும் இடத்தின் அடியில் விரலால் தடவுங்கள், பெயின்ற் சுருங்கியிருந்தால் எங்கேயோ மோதியிருக்கிறது. ஹப்பைப் படம் எடுங்கள், பிறேம் இலக்கத்தைப் படம் எடுங்கள். மிச்சத்தை வீட்டில் இருந்து யோசிக்கலாம்.

எங்கள் வீட்டுச் சைக்கிளில் பாதிப் பாகம் மாறியிருக்கிறது. எல்லாவற்றையும் அசலாக்க வேண்டுமா?

விற்கப் போகிறீர்கள் என்றால் வாங்குபவருக்கு எது எது மாறியது என்று நேராகச் சொல்லுங்கள், அது போதும். வீட்டிலேயே வைக்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். என்னிடம் ஒரு ஹம்பர் இருக்கிறது, அதன் கரியர் இலங்கைச் சைக்கிளான லுமாலாவினுடையது, ஹம்பரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை முன்பு வைத்திருந்தவர் அந்தக் கரியரில் பிள்ளையை ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர், பிள்ளை கால் வைக்க இரண்டு பக்கமும் கம்பி ஒட்டியிருக்கிறார். அசல் கரியர் ஒன்று பிறகு எனக்குக் கிடைத்தது. அதை எண்ணெய் பூசி, 'ஹம்பர், 1951' என்று சீட்டு எழுதிக் கட்டி, சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். சைக்கிளில் அந்தப் பழைய கரியர்தான் இன்னும் இருக்கிறது.